நூற்று இருபத்தேழு

கீபோர்டுக்குப் பலம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன, மேலே ஒன்று, கீழே ஒன்று, விரல் இறங்கும்போது முதலில் மேல்முனை தொடும், பிறகு கீழ்முனை தொடும், அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்பதை மட்டும்தான் அது எண்ணுகிறது, நேரம் குறைந்தால் எண் கூடும், நேரம் கூடினால் எண் குறையும், ஒன்றிலிருந்து நூற்று இருபத்தேழு வரை, அதற்கு மேல் கிடையாது, சம்மட்டியைத் தூக்கிப் போட்டாலும் நூற்று இருபத்தேழுதான். இந்த எண்ணுக்கு வெலாசிட்டி என்று பெயர். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஞானதுரை இருபது வருஷமாக இதைச் சொல்லி வந்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்குச் சாலிகிராமத்து ஸ்டுடியோவின் மாடி அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கேட்க ஒருவரும் இல்லாததால், தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், ஏனென்றால் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் மேஜைமேல் மல்லாந்து கிடக்கிற செல்போனைப் பார்க்காமல் இருக்கலாம். போன் அடிக்கவில்லை. மனைவி பியூலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. எங்களுக்கு முப்பத்தொண்ணாம் டோக்கன், உள்ளே இருபது போகிறது என்று ஒரு மெசேஜ் வந்தது, அதோடு சரி. திரையில் ஒரு கோடு கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஏறி நிற்கிறது, அந்தக் கோட்டை வளைத்து எந்த அடிக்கு எப்படிச் சத்தம் வரும் என்று முடிவு செய்வதுதான் அவன் தொழில். விரலிலிருந்து வருகிற எண்ணைக் கொண்டுபோய் சாப்ட்வேரில் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம், வால்யூமில் மாட்டினால் ஓங்கி அடிக்க அடிக்கச் சத்தம் கூடும், அது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை, ஃபில்டரில் மாட்டினால் மெல்லத் தொடும்போது போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி மங்கிக் கேட்கும், ஓங்கினால் போர்வை விலகும், டிஸ்டார்ஷனில் மாட்டினால் நூறைத் தாண்டியதும் சத்தம் கிழியும். கிழியும். அந்த வார்த்தையில் மனசு சட்டை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. கிழிந்திருக்காது, அதெல்லாம் அவ்வளவு சுலபமாகக் கிழியாது, தடித்த தோல்தானே, இல்லை மெல்லிய தோலா, அவனுக்குத் தெரியவில்லை, இருபது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவனுக்குக் காதுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. லேசாகத்தான் தட்டினேன் என்று காலையில் பியூலாவிடம் சொன்னான். லேசாகத்தான். ஒரு தட்டு. சினிமாக்காரர்கள் அடிக்கு ஞானதுரைதான் என்பார்கள், சண்டைக் காட்சியில் நெஞ்சுக்கூடு நொறுங்குகிற சத்தம் வேண்டுமென்றால் அவனைத்தான் தேடி வருவார்கள், அவன் செய்து கொடுத்த அடிகளில் தியேட்டர் நாற்காலி அதிர்ந்திருக்கிறது, அந்தப் பெருமையைச் சம்பாதித்தவன் வீட்டில் லேசாகத் தட்டினானாம். கோட்டின் நடுவைப் பிடித்துக் கீழே இழுத்தான். மேஜைமேல் போன் அப்படியே கிடந்தது.

காலை ஒன்பது மணிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இசையமைப்பாளர் நவநீத்துக்கு இருபத்தெட்டு வயசு, ஞானதுரையைவிடப் பதினைந்து வயசு சின்னவன், அண்ணா அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிடுவான், அவன் போன வாரம் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினான், மாடியில் ஒரு சிறுமி பியானோ வாசித்துப் பழகுகிறாள், கீழே நாலு பேர் புகுந்து அவள் அப்பாவை வெட்டுகிறார்கள், வெட்டைக் காட்டவே மாட்டார்கள், சிறுமியின் முகம் மட்டும்தான், கடைசியில் அவள் இடது கோடியில் இருக்கிற அடிக்கட்டை ஒன்றை ஓங்கி ஒரே அடி அடிக்கிறாள், அதோடு திரை இருட்டு. “நீங்க வாசிச்சா பெரிய ஆள் கைன்னு தெரிஞ்சிருதுண்ணா, நிஜமாவே ஒரு குழந்தை வாசிக்கணும், தட்டுத்தடுமாறணும், உங்க வீட்லயே பாப்பா இருக்கால்ல” என்றான். இருக்கிறாள். ஜெமிமா, நாலாம் வகுப்பு, ஆண்டவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த காது, குக்கர் விசில் அடித்தால் அது என்ன சுரம் என்று ஹோம்வொர்க்கிலிருந்து தலை நிமிராமல் சொல்லுவாள். சாப்பாட்டு மேஜையில் கீபோர்டை வைத்து லேப்டாப்பில் இணைத்தான், காட்சிக்கான எட்டு வரிகளையும் மூன்றாவது தடவையிலேயே பிடித்துவிட்டாள், தடுமாற வேண்டிய இடத்தில் தானாகவே தடுமாறினாள், அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிற்று என்றுகூடச் சொல்லலாம். கடைசி அடியில்தான் சனியன் பிடித்தது. ஐம்பத்தெட்டு. “ஓங்கி அடி பாப்பா.” அறுபத்தொன்று. “இன்னும்.” ஐம்பத்தேழு. ஒன்பது தடவை, பத்துத் தடவை, பதினாலு தடவை, திரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குச்சி எழும்பும், அந்தக் கடைசிக் குச்சி மட்டும் மற்றதோடு மற்றதாகக் குட்டையாகவே வந்தது, செத்த சத்தம், வெட்டைக் கேட்ட பிள்ளையா இப்படி அடிக்கும், தூக்கத்தில் கொசு அடிக்கிறவன்கூட இதைவிட ஓங்குவான். பிள்ளையின் விரல் நுனி சிவந்திருந்தது. அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது, காலையில் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. “உசிரே இல்லாம அடிக்கிற, ஓங்கி அடின்னா ஓங்கி அடி.” “ஓங்கித்தான்பா அடிக்கிறேன்.” “எதிர்த்துப் பேசாத.” “நிஜமாப்பா, ஓங்கித்தான்...” “இப்படி” என்றான். “இப்படி அடிக்கணும்.” காட்டிக்கொடுத்தான். எப்படி அடிக்க வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தான், கட்டையில் காட்டியிருக்கலாம், பக்கத்தில் நீளமாக அறுபத்தொரு கட்டைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன, கை அங்கே போகவில்லை. ஜெமிமாவின் தலை ஒரு பக்கமாகப் போய், கன்னமும் முழங்கையும் சேர்ந்து அடிக்கட்டைகள்மேல் விழுந்தன, பெரிய சத்தம், சமையல்கட்டிலிருந்து பியூலா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். “பிள்ளைமேல கை வைக்காதீங்க வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்” என்று கத்தினாள். பிள்ளை அழவில்லை. இடது காதைப் பொத்திக்கொண்டு, அப்பா, உள்ள ஏதோ சத்தம் வருது என்றாள். என்ன சத்தம் என்று பியூலா கேட்டாள். ஜெமிமா கொஞ்சநேரம் கவனித்துவிட்டு, வாயைக் குவித்து, அந்தச் சத்தத்தை அப்படியே பாடிக் காட்டினாள். ஒரே சுரம், நீளமாக. ஞானதுரையின் மனசு உடனே, யாரும் கேட்காமலே, பி ஃப்ளாட் என்றது. அந்த நேரத்திலும் அதைத்தான் சொல்லிற்று, அந்த மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும். லேசாகத்தான் தட்டினேன் என்று வாய் சொன்னது.

இரண்டரைக்கு நவநீத் இரண்டு கையிலும் டீயோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தான். பாப்பா வாசிச்சதைப் போடுங்கண்ணா என்றான். கடைசி அடியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று ஞானதுரை நினைத்திருந்தான், காலையில் அந்தக் களேபரத்தில் பதிவை நிறுத்தாமலே லேப்டாப்பை மூடியிருந்தான், வெட்ட நேரம் வாய்க்கவில்லை, நேரம் இருந்தது, வாய்க்கவில்லை, திறந்து பார்க்கிற தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நவநீத்தே கை நீட்டி ஸ்பேஸ் பாரைத் தட்டினான். பிள்ளையின் எட்டு வரிகள் ஓடின, தட்டுத்தடுமாறி, படியில் இறங்குகிற சின்னக் கால்கள் போல, நடுவில் ஒரு நீண்ட மௌனம், அந்த மௌனத்தில்தான் ஓங்கித்தான்பா அடிக்கிறேன் என்பதும் எதிர்த்துப் பேசாத என்பதும் இருக்கின்றன, கீபோர்டு பேச்சைப் பதிவு செய்வதில்லை, அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. நவநீத் டீயைத் தொடையில் கொட்டிக்கொண்டான். “ஐயோ அண்ணா! என்னண்ணா இது! ஒரு கட்டைன்னுதானே சொன்னேன், மொத்தமா விழுந்திருக்கு, கூடவே ஏதோ உடைஞ்ச மாதிரி, எனக்கு வயித்தக் கலக்கிருச்சுண்ணா.” திரும்பப் போட்டான். மூன்றாவது தடவை போட்டான். ஞானதுரை திரையில் அந்த எண்களைப் பார்த்தான், ஆறு கட்டைகள், நூற்றுப் பத்தொன்பது, நூற்று இருபத்தேழு, நூற்று இருபத்தேழு, நூற்று இருபத்து நாலு, நூற்று இருபத்தேழு, நூற்றுப் பதினொன்று. அறுபத்தொன்றுக்கு மேல் ஏறாத பிள்ளை. தலையும் முழங்கையும் எப்படி விழுந்தனவென்று கீபோர்டு ஒரு எண் விடாமல் எழுதி வைத்திருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள். “பாப்பாகிட்ட எப்படிச் சொல்லி இதை வாங்குனீங்க?” என்றான் நவநீத். “காட்டிக் குடுத்தேன்” என்றான் ஞானதுரை. தன் குரல் சாதாரணமாக இருந்ததை அவனே கேட்டான். அந்த ஈரமான தொடையின்மேல் கொதிக்கிற மிச்ச டீயையும் ஊற்ற வேண்டும் போலிருந்தது, அந்தச் சின்னப்பயலின் தலையைப் பிடித்து ஸ்பீக்கரில் மோத வேண்டும், இப்போது கலங்குதா வயிறு என்று கேட்க வேண்டும், கை முஷ்டி கட்டிக்கொண்டு மேஜைக்கடியில் கிடந்தது, அவன் என்ன பாவம் செய்தான், அவனுக்கு என்ன தெரியும். நவநீத் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். “நான் பக்கத்து ரூம்ல படத்தோட வச்சுப் பாக்குறேன், டைரக்டர் நாலரைக்கு வர்றாரு. வாசிச்சது அப்படியே இருக்கட்டும், சவுண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் கிழிச்சு விடுங்கண்ணா.” கதவு மூடிக்கொண்டது. ஞானதுரை கோட்டின் மேல்முனையைப் பிடித்தான், நூறுக்கு மேலே செங்குத்தாக ஏற்றினால் சத்தம் கிழியும், அவனுக்குத் தெரிந்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வான். கண்ணை மூடினால் பிள்ளை ஒற்றைச் சுரத்தைப் பாடியது. கையை எடுத்துவிட்டான்.

லேசாக என்றால் எவ்வளவு. கேள்வி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது, கேட்டவன் அவனேதான். அளக்கிற கருவி முன்னாலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து தோளில் சுமந்து வந்த அதே கீபோர்டு, நடுக்கட்டை ஒன்றின்மேல் உள்ளங்கையை ஓங்கித் தட்டினான், விரலால் அல்ல, காலையில் போன மாதிரி உள்ளங்கையால். நாற்பத்தைந்து. பார், லேசாகத்தான். ஆனால் கைக்குத் தெரிந்தது அது பொய் என்று, கை காலையில் இப்படிப் போகவில்லை, இது சபையில் பக்கத்தில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்புகிற தட்டு. இன்னொரு தடவை. எழுபது. இல்லை. காலையில் தோள் பின்னால் போயிற்று, தோளைப் பின்னால் கொண்டுபோனான், தொண்ணூற்றாறு, இல்லை, பல்லைக் கடித்திருந்தான், பல்லைக் கடித்தான், நூற்றுப் பதினாலு, இதுவாக இருக்கலாமோ, நூற்றுப் பதினாலு என்று வைத்துக்கொள்ளலாமே, யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் காலையில் அடித்த பிறகு உள்ளங்கை எரிந்தது, இப்போது எரியவில்லை. மறுபடி ஓங்கினான். கீபோர்டு ஸ்டாண்டோடு துள்ளிற்று, டீக்கோப்பை உருண்டது, உள்ளங்கை எரிந்தது, இதுதான், இதேதான், கையைப் பொய் சொல்ல வைக்க முடியாது. நூற்று இருபத்தேழு. அதற்கு மேல் எண் கிடையாது என்பதால் நூற்று இருபத்தேழு. சாயர்புரத்துக் கோயிலில் அப்பா பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பார், ஆர்மோனியத்துக்கு அடியும் தெரியாது வருடலும் தெரியாது, எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம்தான், அதில் பழகியதால்தான் அவன் கை இவ்வளவு கனம், பதினோரு வயசில் கிறிஸ்துமஸ் பாட்டில் ஒரு சுரம் தப்பியதற்கு அப்பா வாசித்துக்கொண்டிருந்த விரல்கள்மேலேயே பெட்டியின் மூடியை இறக்கினார், இடது மோதிரவிரல் இன்றைக்கும் கோணல்தான், அம்மாவிடம் என்ன சொன்னார் என்று யோசித்தான், யோசிக்க வேண்டியதே இல்லை, லேசாத்தான் மூடினேன் என்று சொன்னார். அதே வார்த்தை. சொத்து எழுதி வைக்காத மனுஷன் அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோணல் விரலைப் பார்த்தபடியே இருந்தவன் கண் அதற்கு மேலே கீபோர்டின் சின்னத் திரைக்குப் போயிற்று. டச்: ஹார்ட் மூன்று என்று அதில் எழுதியிருந்தது.

ஹார்ட் மூன்று. முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கனமான கைக்காரர்களுக்காகக் கீபோர்டிலேயே ஒரு வசதி உண்டு, தொட்டதற்கெல்லாம் நூற்று இருபத்தேழு வந்துவிடாமல் இருக்க எண்ணை அமுக்கி வைக்கும், போன செவ்வாய்க்கிழமை ஒரு சண்டைக் காட்சிக்காக இவனேதான் வைத்தான், இவன் அடிகளெல்லாம் உச்சியில் போய் முட்டிக்கொண்டதால் வைத்தான், வேலை முடிந்ததும் மாற்ற மறந்தான். அந்தக் கனத்துக்கு மூடி போட்ட கீபோர்டைத்தான் காலையில் ஒன்பது வயசுப் பிள்ளையின் முன்னால் வைத்தான். ஆள்காட்டி விரலை மடக்கி, சுண்டுவிரலால், சின்ன விரலால், அதற்கு இருக்கிற பலம் அத்தனையும் சேர்த்து ஒரு கட்டையை அடித்துப் பார்த்தான். அறுபத்து மூன்று. இன்னொரு தடவை அடித்தான், நகம் வலித்தது. அறுபது. ஓங்கித்தான்பா அடிக்கிறேன். பதினாலு தடவையும் பிள்ளை தன் உயிரைத் திரட்டி ஓங்கித்தான் அடித்திருக்கிறாள், திரையில் அதை ஐம்பத்தெட்டாகக் குறைத்தது இவன் கை. திரையையும் செட்டிங்கையும் வைத்துச் சோறு தின்கிறவன், எண் கொஞ்சம் குறைந்தால் வயரைப் பார்ப்பான், கேபிளைப் பார்ப்பான், டிரைவரைப் பார்ப்பான், பிள்ளையின் எண் குறைந்தபோது பிள்ளையைப் பார்த்தான். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னான். எழுந்து அறையில் நடந்தான், உட்கார்ந்தான். பியூலாவிடம் சொல்ல வேண்டும், இந்தக் கீபோர்டில் இப்படி ஒரு தப்பு, அதனால்தான், இல்லையென்றால் நான் ஏன் கை நீட்டப் போகிறேன், சொன்னால் அவளுக்குப் புரியும், மனசு இந்த வழியில் இரண்டடி நிம்மதியாக நடந்து போயிற்று, மூன்றாவது அடியில் நின்றது. அப்படியானால் செட்டிங் சரியாக இருந்து, பிள்ளை நிஜமாகவே மெதுவாக அடித்திருந்தால்? அப்போது அந்த அடி நியாயமாகிவிடுமா? தப்பு கீபோர்டில் என்றால் இன்றைக்கு மட்டும்தானே, போன மாசம் டிபன் பாக்ஸைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாளே, அன்றைக்கு எந்த கீபோர்டு. ஞானதுரைக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது. மேல்முனை தொட்டுக் கீழ்முனை தொடுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு, தோள் பின்னால் போனதற்கும் உள்ளங்கை போய்ச் சேர்ந்ததற்கும் நடுவிலும் அது இருந்தது, அதில் பிள்ளையின் முகம் இருந்தது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்தான், பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. அந்த ஆறு கட்டைகளின் குச்சிகளை மவுஸால் சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்தான், நூறு, அறுபது, இருபது, வெலாசிட்டி பூஜ்யம் என்றால் அடிக்கவே இல்லை என்று அர்த்தம், கையை எடுத்துவிட்டதாக அர்த்தம், இழுத்தான், குச்சிகள் ஒன்றில் வந்து நின்றன, அதற்குக் கீழே போகவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தான். சாப்ட்வேர் ஒன்றுக்குக் கீழே விடாது, விழுந்த அடி விழுந்ததுதான். சுவருக்கு அந்தப் பக்கம் நவநீத் அதே சத்தத்தைப் படத்தோடு ஓட்டினான், அவனிடம் இருந்த பிரதியில் எண்ணெல்லாம் பழையபடியே இருந்தன.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. மூன்றரை மணி நேரமாக அதற்காகக் காத்திருந்தவன் அது நாலு தடவை அடிக்கும் வரை எடுக்கவில்லை.

“என்னங்க.”

“சொல்லு.”

“சவ்வு கிழிஞ்சிருக்காம்.” பியூலா அழவில்லை. அழுது முடித்த குரல். “கால்வாசி கிழிஞ்சிருக்கு. தானா மூடுனாலும் மூடுமாம், மூணு மாசம் பாக்கணுமாம், மூடலன்னா ஆபரேஷன். உள்ள அந்தச் சத்தம் போகுமா போகாதான்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

“கேக்குதா? ஊஞ்சல்லருந்து விழுந்துட்டான்னு சொன்னேன். டாக்டரம்மா நம்பல. கன்னத்துல வெரல் தடம் இருக்குல்லா. பிள்ளகிட்ட கேட்டாங்க, அவ வாயே தொறக்கல. உள்ள எலும்பு எதுவும் வெலகியிருக்கான்னு தெரியணுமாம், அதான் கேக்காங்க, எவ்வளவு பலமா அடிச்சதுன்னு. இங்க முன்னாலதான் உக்காந்திருக்காங்க. நான் என்னன்னு சொல்ல?”

லேசா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, முப்பது வருஷப் பழக்கம், தானாக வரும். மேஜைமேல் அவன் உள்ளங்கை மல்லாந்து கிடந்தது, இன்னும் சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“என்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

பிறகு பியூலா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: “அவங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவாம், டாக்டர்.” நாற்காலி ஒன்று நகர்ந்தது. டாக்டரம்மா ஏதோ கேட்டார்கள், பியூலா ஆமா என்றாள், இன்னொன்றும் கேட்டார்கள், அதற்கும் ஆமா என்றாள், இது முதல் தடவை இல்ல என்றாள். ஞானதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் போன் கை மாறுகிற சரசரப்பு.

“அப்பா?”

“பாப்பா.”

“இருங்கப்பா, இந்தக் காதுல கேக்கல, மாத்திக்கிறேன்.” மாற்றிக்கொண்டாள். “ம், இப்ப சொல்லுங்க.”

சொல்ல நிறைய இருந்தது. “நீ ஓங்கித்தான் அடிச்சிருக்க பாப்பா, பதினாலு தடவையும்” என்று ஆரம்பித்தான், “அப்பாதான் தப்பு, கீபோர்டும் தப்பா வச்சிருந்தேன், ஆனா அது சரியா இருந்திருந்தாலும்...” அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் நவநீத் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வால்யூமை முழுக்க ஏற்றிப் போட்டான், சின்னக் கால்கள் படியிறங்கின, மௌனம் வந்தது, அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி, அவன் கையிலிருந்த போனைத் தாண்டி, எங்கோ ஒரு கிளினிக்கில் பிள்ளையின் நல்ல காதுக்குப் போயிற்று. ஜெமிமா அதைக் கூர்ந்து கேட்டாள். அவள் கேட்கிற விதம் அவனுக்குத் தெரியும், தலையைச் சாய்த்து, கண்ணை ஓரமாக வைத்து.

“அப்பா, அது நான் விழுந்தப்ப வந்ததுதானே?”

“ஆமா.”

“படத்துல வருமா?”

அவன் பதில் சொல்வதற்குள் நவநீத் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி போட்டான். இந்தத் தடவையும் பிள்ளை கடைசிவரை கேட்டாள்.

“நல்லாவே இல்லப்பா” என்றாள்.

ஞானதுரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்து வராந்தாவைக் கடந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். லேசாகத் தட்டினான். உள்ளே கேட்கவில்லை.